தட்டுக்கு எதிரே யார் உட்காருவது?

(மார்த்தாண்டத்தில் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். கல்யாண வீட்டில் இலைப் பக்கம் நின்று ‘இன்னும் கொஞ்சம்’ என்று மல்லுக்கட்டுகிற ஊர் நம்முடையது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளை வேண்டுமென்றே சோற்றை ஒதுக்கும் என்று யாருக்குத் தோன்றும்? முதலில் பொரித்த மீன் வேண்டாம் என்பாள், அப்புறம் தேங்காய் அரைத்த குழம்பு. தவக்காலத்து ஒருசந்தி ஈஸ்டர் கழிந்தும் நீளும். வெள்ளிக்கிழமை விரதம் செவ்வாய்க்கும் பரவும். பக்தியான பிள்ளை என்று நாமும் பெருமைப்படுவோம். மாதவிலக்கு நின்ற பிறகுதான் அம்மாவுக்குப் பொறி தட்டும். பையன்களுக்கும் இது வரும், ஜிம் என்ற பெயரில் மறைந்திருக்கும்.

இதற்கு அனோரெக்சியா என்று பெயர். குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்க வைக்கிற மனநோய். வளர்ப்பு சரியில்லை என்ற பஞ்சாயத்தை இன்றோடு விடுங்கள். பரம்பரை, சுபாவம், டயட் என்று பலதும் சேர்ந்து வருவது இது.

பட்டினியே மனதை மாற்றும். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள், சிடுசிடுத்தார்கள். “யூடியூபில் சமையலாகப் பார்க்கிறாள், வாயில் வைக்க மாட்டேங்கிறாள்” என்று புலம்புகிற அம்மாவுக்கு விடை அங்கே இருக்கிறது. அந்த நிலையில் புத்திமதி ஏறாது. சோறுதான் முதல் மருந்து.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான முறை இதைத்தான் செய்கிறது. மருத்துவர் வழிகாட்ட, என்ன, எவ்வளவு என்பதைச் சில மாதம் பெற்றோரே முடிவு செய்கிறார்கள். அம்மா பரிமாறுவாள். அப்பா டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்காருவார். இட்லியில் எத்தனை கலோரி என்று கேட்டால் விவாதத்தில் இறங்காதீர்கள். “கஷ்டமாத்தான் இருக்கும் மக்களே, அடுத்த வாய் எடு.” அவ்வளவுதான். ஒரு மணி நேரம்கூட ஆகலாம். தட்டு பறந்தால் கத்தாமல் இன்னொரு தட்டு வையுங்கள். துப்பட்டா மடிப்பிலும் ஒரு கண் இருக்கட்டும், சோற்றுருண்டை அங்கே போகும். சாப்பிட்டு முடித்ததும் ஒரு மணி நேரம் கூடவே இருங்கள், வாந்தியெடுக்க பாத்ரூமுக்கு ஓட வாய்ப்பு இருக்கிறது. அப்பா வளைகுடாவிலோ ஆழ்கடலிலோ இருந்தால் மாமா, சித்தி என்று முறை போட்டு உட்காருங்கள். போனில் அதட்டுவது உதவாது.

“தேறிட்டியே, கன்னம் வச்சிருக்கே” என்று வரும் உறவினரை வாசலிலேயே மடக்குங்கள். பிள்ளையின் காதில் அது ‘குண்டாயிட்டே’ என்றுதான் விழும்.

ஒரு எச்சரிக்கை. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக அள்ளிப் போடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரிந்து இதயம் தடுமாறலாம். முதலில் ரத்தப் பரிசோதனை, ஈசிஜி. தலைசுற்றல், மயக்கம் இருந்தால் நாளை பார்க்கலாம் என்று நினைக்காமல் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்புங்கள். யாரிடம் பேசுவதென்று தெரியவில்லையா, 14416க்கு அடியுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.