சுருக்கத்துக்கு மார்க் போடுவது

அவையோர் அனைவருக்கும் வணக்கம். அழகுக் குறிப்பு கேட்க வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எதைத் தடவினால் முகச் சுருக்கம் போகும் என்று நான் சொல்லப்போவதில்லை. போய்விட்டது என்று ஒருவர் அடித்துச் சொன்னால் அதை எப்படிச் சோதிப்பது என்றுதான் பேசப்போகிறேன்.

சுருக்கத்தை அளக்கக் கருவி இல்லாமல் இல்லை. சிலிக்கோன் பசையை வைத்துத் தோலை அச்செடுத்துப் பள்ளத்தின் ஆழத்தை அளக்கலாம். ஒளிக்கீற்றைப் பாய்ச்சி மேடு பள்ளத்தைக் கணினியில் வரைந்தும் பார்க்கலாம். ஆனால் மருத்துவரிடம் வருகிறவர் மைக்ரான் கணக்குக்காகவா வருகிறார்? "எல்லாரும் வயசான மாதிரி தெரியுதுன்னு சொல்றாங்க டாக்டர்" என்றுதான் வருகிறார். பிறர் கண்ணில் எப்படிப் படுகிறது என்பதுதான் அவருடைய குறை. அதனால் இன்றும் பெரிய ஆய்வுகளில் முதல் கருவி மனிதக் கண்தான். வம்பு என்னவென்றால், ஆளுக்கு ஆள் கண் வேறுபடும்.

1971இல் கலிஃபோர்னியாவின் ரெட்டிங் ஊரில் ஹாரி டேனியல் என்ற மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கண்ணோரச் சுருக்கத்தைப் பார்த்து, ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் போட்டார். வயதையும் வெயிலையும் கழித்துப் பார்த்த பிறகும் புகைப்பவர்களுக்குச் சுருக்கம் கூடுதல் என்று எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதையே சொல்லின. இருந்தாலும் இப்படிப்பட்ட எந்த ஆய்விலும் ஒரு கேள்வி எழும்: நீங்கள் நாலு என்பதை நான் மூன்று என்றால் யார் சொல்வது சரி?

'லேசானது', 'நடுத்தரம்', 'கடுமையானது' என்று வார்த்தையில் விளக்கம் எழுதி வைத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். போதவில்லை. முப்பது வயதுக்காரர்களையே பார்த்துப் பழகிய மருத்துவரின் 'நடுத்தரம்' வேறு, வயல்வேலை செய்பவர்களையே பார்க்கும் மருத்துவரின் 'நடுத்தரம்' வேறு. 1992இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கிரிஃபித்ஸ் என்ற தோல் மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் வார்த்தைக்குப் பதிலாகப் போட்டோவை வைத்தார்கள். வெயிலால் தோல் கெடுவதற்குச் சுழியம் முதல் எட்டு வரை ஒன்பது படிகள், அவற்றில் ஐந்து படிகளுக்கு மாதிரிப் படங்கள். எதிரில் உள்ள முகத்தைப் படத்தோடு ஒப்பிட்டு எண் போட வேண்டும். பொதுத்தேர்வுத் தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு விடைக்குறிப்பு கொடுப்பதுபோலத்தான் இது. வார்த்தை அளவுகோலைவிடப் பட அளவுகோலில் மருத்துவர்களுக்குள் ஒற்றுமை கூடியது.

ஒரு அளவுகோலைக் கிட்டத்தில் பார்ப்போம். மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்குகிறதே ஒரு மடிப்பு, அதற்காக 2004இல் டே என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் சோதித்து வெளியிட்ட ஐந்து படி அளவுகோல் இது. ஒன்று என்றால் மடிப்பே தெரியாது. இரண்டில் ஆழமில்லாத லேசான பள்ளம். மூன்றில் சாதாரணமாகப் பார்த்தாலே மடிப்பு தெரியும், ஆனால் தோலை இழுத்துப் பிடித்தால் மறைந்துவிடும். நான்கில் இழுத்தாலும் முழுக்கப் போகாது, 2 மில்லிமீட்டருக்குள் ஒரு மடிப்பு தங்கும். ஐந்தில் இழுத்த பிறகும் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை மடிப்பு நிற்கும். இந்த 'இழுத்துப் பார்' என்ற சங்கதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. மூன்றா நான்கா என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாதாட வேண்டாம், விரலை வைத்து இழுத்தால் தெரிந்துவிடும்.

சிலர் எண்ணை விட்டுவிட்டு மொத்த முகத்தையும் வகை பிரித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவின் தோல் மருத்துவர் ரிச்சர்ட் குளோகாவ் செய்தது அதுதான். முதல் வகைக்குச் சுருக்கமே இல்லை, இரண்டாவதில் முகம் அசையும்போது மட்டும், மூன்றாவதில் சும்மா இருக்கும்போதும், நான்காவதில் முகமெங்கும் சுருக்கம். நினைவில் நிற்கும், கிளினிக்கில் கைகொடுக்கும். ஆனால் ஒவ்வொரு வகைக்கும் அதில் சொல்லப்படும் வயது வெள்ளைத் தோலுக்குப் பொருந்துவது. நம் தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம். வெயில் நம்மிடம் முதலில் கரும்புள்ளியாக, மங்காக, நிறத்திட்டாகத்தான் வேலையைக் காட்டும், சுருக்கம் பின்னால்தான் வரும். ஐம்பது வயது அம்மாவுக்குச் சுருக்கம் மட்டும் பார்த்து 'வெயில் சேதம் குறைவு' என்று எழுதினால் கன்னத்தில் இருக்கும் மங்கு எந்தக் கணக்கில் சேரும்? வெளிநாட்டு அளவுகோலை அப்படியே எடுத்துப் போடும் ஆய்வுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

புருவ மத்திக் கோட்டின் கதை வேறு. அது தசை இழுப்பதால் வருவது. அங்கே சுழியம் முதல் மூன்று வரை நான்கே படிகள், ஆனால் இரண்டு தடவை பார்க்க வேண்டும்: முகம் ஓய்வாக இருக்கும்போது ஒன்று, முடிந்த மட்டும் முறைக்கச் சொல்லி ஒன்று. தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் போன்ற ஊசிகளுக்கு முறைக்கும்போது கிடைக்கும் எண்தான் முக்கியம். பிந்தைய அமெரிக்கச் சோதனைகளில் மருத்துவர் போட்ட எண், நோயாளி தனக்குத்தானே போட்டுக்கொண்ட எண் இரண்டுமே இரண்டு படி இறங்கினால்தான் வெற்றி என்று வைத்தார்கள். கெடுபிடியான விதிதான், ஆனால் நியாயமான விதி.

இப்போது கொஞ்சம் கணக்கு. இரண்டு மருத்துவர்கள் 100 போட்டோக்களை 'லேசு', 'கடுமை' என்று பிரிக்கிறார்கள். 86 படங்களில் ஒத்துப்போகிறார்கள். நல்ல ஒற்றுமை என்றுதானே தோன்றுகிறது? இருவருமே 90 படங்களுக்கு 'லேசு' என்று போடும் வழக்கமுள்ளவர்கள் என்று வையுங்கள். படத்தையே பார்க்காமல் குருட்டாம்போக்கில் போட்டிருந்தாலும் சராசரியாக 81 படங்களுக்கு இருவரும் 'லேசு', ஒன்றுக்கு இருவரும் 'கடுமை' என்று, ஆக 82இல் ஒத்துப்போயிருப்பார்கள். அப்படியானால் கண்ணால் பார்த்துச் சம்பாதித்தது நாலே நாலு. மீதமிருந்த 18இல் 4, அதாவது சுமார் 0.22. தற்செயலைக் கழித்த பிறகு மிஞ்சும் ஒற்றுமையைச் சொல்ல உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த காப்பா என்ற எண் இதுதான். ஒரு அளவுகோல் 'நிரூபிக்கப்பட்டது' என்று யாராவது சொன்னால், சதவீதத்தை ஒதுக்கிவிட்டுக் காப்பா எவ்வளவு என்று கேளுங்கள்.

அளவுகோல் நல்லதாக இருந்தாலும் பயன்படுத்துபவர் மனசு இடையில் புகுந்துவிடும். ஆய்வில் சேர இரண்டாம் படியாவது வேண்டும் என்று விதி இருந்தால், ஒன்றரையாகத் தெரியும் முகமும் சேர்க்கும் நாளில் இரண்டாகிவிடும். மூன்று மாதம் கழித்து அதே முகத்துக்கு உள்ளபடி ஒன்று போடுகிறார்கள். மருந்தே இல்லாமல் முன்னேற்றம்! இதைத் தடுக்கத்தான் முந்தைய படம் எது, பிந்தைய படம் எது என்று தெரியாதபடி கலைத்துப் போட்டு, சிகிச்சையில் சம்பந்தப்படாத ஒருவரிடம் எண் போடச் சொல்கிறோம்.

படமெடுப்பதிலும் அத்தனை கவனம் வேண்டும். மேக்கப் கூடாது, முகம் கழுவிச் சற்று நேரம் ஆகியிருக்க வேண்டும், அதே கேமரா, அதே தூரம், அதே தலைச்சாய்வு. எல்லாவற்றையும்விட வெளிச்சம். பக்கவாட்டில் விழும் வெளிச்சம் ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல் கொடுத்து ஆழமாக்கிவிடும், நேருக்கு நேர் அடிக்கும் ஃபிளாஷ் பாதியைத் துடைத்துவிடும். எந்த மருந்தும் இத்தனை வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. இனி செய்தித்தாளிலோ போனிலோ 'முன்', 'பின்' விளம்பரம் வந்தால் சுருக்கத்தைப் பார்க்கும் முன்னால் மூக்கின் கீழே விழும் நிழலைப் பாருங்கள். இரண்டு படத்திலும் நிழல் ஒரே பக்கம், ஒரே நீளம் இருக்கிறதா? புருவம் ஒன்றில் தூக்கியும் இன்னொன்றில் தளர்ந்தும் இருக்கிறதா? இவை ஒத்துவராவிட்டால் அங்கே ஒப்பிட ஒன்றும் இல்லை, பக்கத்தைத் தள்ளிவிடலாம். நேரம் இருப்பதால் கேள்விகளுக்கு வருவோம்.