மெசேஜ் லிஸ்னர்: எழுதுவது எளிது, தோற்கும்போதுதான் வேலை

[திரையில்: ஆர்டர் பக்கம்]

ஒருவர் ஆன்லைனில் பொருள் வாங்கிப் பணமும் கட்டிவிட்டார். ரசீது தயாராகும் வரை அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? ஆர்டர் எண்ணை ஒரு கியூவில் (செய்திகள் வரிசையில் காத்திருக்கும் இடம்) போட்டுவிட்டு உடனே பதில் சொல்லிவிடலாம். ரசீதைப் பின்னணியில் தயாரிப்பது மெசேஜ் லிஸ்னரின் வேலை.

பெரிய சர்வர் செயலிகளுக்கான எண்டர்பிரைஸ் ஜாவாவில் இதற்காகவே மெசேஜ் டிரிவன் பீன் என்ற கிளாஸ் வகை இருக்கிறது; 2001இல் இஜேபி (எண்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ்) 2.0 உடன் வந்தது.

[திரையில்: கிளாஸின் கோடு]

மெசேஜ்லிஸ்னர் இன்டர்ஃபேஸில் இருப்பது ஆன்மெசேஜ் என்ற ஒரே மெத்தட். அதை எழுதுங்கள். கிளாஸுக்கு மேலே மெசேஜ்டிரிவன் அனோடேஷன். அதற்குள் கியூவின் பெயர், கியூவா (ஒரு செய்தி ஒருவருக்கே) டாபிக்கா (கேட்கும் எல்லோருக்கும்) என்ற வகை. அவ்வளவுதான். பழைய கோடை ஜகார்த்தாவுக்கு (‘ஜாவாக்ஸ்’ என்ற பேக்கேஜ் பெயர் ‘ஜகார்த்தா’ என மாறிய புதிய பதிப்பு) மாற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்த வகை மேற்கோள் குறிக்குள் இருக்கும் வெறும் எழுத்து. அதில் ‘ஜாவாக்ஸ்’ அப்படியே இருந்தாலும் கம்பைலர் வாய் திறக்காது.

த்ரெட்டுகளை, பீன்களை இயக்கும் சர்வர் பகுதியான கன்டெய்னர் பார்த்துக்கொள்ளும். ஒரு பீனுக்கு ஒரு நேரத்தில் ஒரு செய்திதான். ஆனால் பல பீன்கள் ஒரே சமயத்தில் ஓடும் என்பதால், வந்த வரிசையிலேயே வேலை முடியும் என்று நம்ப முடியாது.

[திரையில்: சிவப்பு நிறப் பிழைச் செய்தி]

இனி முக்கியமான இடம். ஆன்மெசேஜ் வழக்கமாக ஒரு டிரான்சாக்ஷனுக்குள் ஓடுகிறது. ரன்டைம் எக்செப்ஷன் எழுந்தால் ரோல்பேக், அதாவது அதற்குள் செய்ததெல்லாம் ரத்து. செய்தி கியூவுக்கே திரும்பி, மறுபடி வரும். பலர் என்ன செய்கிறார்கள்? டிரை, கேட்ச் போட்டு, லாகில் ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாக வெளியேறுகிறார்கள். கன்டெய்னரின் பார்வையில் அது வெற்றி. செய்தி அழிந்துவிடும், ரசீது வராது. பிழையைப் பிடித்தே ஆக வேண்டுமென்றால், மெசேஜ்டிரிவன்கான்டெக்ஸ்டில் செட்ரோல்பேக்ஒன்லி அழைத்துவிட்டு வெளியேறுங்கள்.

மறுபடி வருவதிலும் சிக்கல் உண்டு. முதல் முறையே ரசீது பதிவாகி, அதன்பின் இணைப்பு அறுந்திருந்தால், அதே ஆர்டருக்கு இரண்டு ரசீது. ரசீது டேபிளில் ஆர்டர் எண்ணுக்கு யுனீக் கட்டுப்பாடு போடுங்கள். எண் ஏற்கெனவே இருந்தால், செய்தியை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

[திரையில்: புரோக்கரின் அமைப்புக் கோப்பு]

எத்தனை முறை திரும்ப வரும்? ஆக்டிவ்எம்க்யூ ஆர்ட்டெமிஸ் என்ற புரோக்கர் (கியூவை நடத்தும் சர்வர்), நாம் எதையும் மாற்றாவிட்டால், 10 முறை முயலும். பிறகு டெட் லெட்டர் முகவரிக்கு (தோற்ற செய்திகளை ஒதுக்கி வைக்கும் இடம்) அனுப்பும்; அந்த முகவரியை அமைக்காமல் விட்டிருந்தால் செய்தியை நீக்கிவிடும். முயற்சிகளுக்கு இடையிலான இடைவெளியோ 0. டேட்டாபேஸ் ஒரு நிமிடம் படுத்தாலே போதும்: எந்தக் குறையும் இல்லாத செய்திகள்கூடக் கண் இமைக்கும் நேரத்தில் பத்து வாய்ப்பையும் இழந்துவிடும். ரீடெலிவரி டிலேயை 5000 மில்லிநொடி என்று வைத்து, ஒவ்வொரு தோல்விக்கும் அது இரட்டிப்பாகும்படி மல்டிப்ளையரை 2 ஆக்குங்கள்.