குளத்துக்கு வரும் மாணவர்கள் வாய்க்காலுக்கும் வர வேண்டும்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களே, ஞாயிற்றுக்கிழமைகளைக் கோவைக் குளங்களுக்கென்றே ஒதுக்கிவிட்ட தன்னார்வலர்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

நொய்யல் நீர்வடிப்பகுதியில், அதாவது அந்த ஆற்றுக்கு மழைநீர் வடிந்து சேரும் நிலப்பரப்பில், மாணவர் தொண்டு எப்படி அமைய வேண்டும் என்று பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். தொண்டின் பெருமையைச் சொல்ல இந்த அவையிலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் வகுப்பறையில் நீரியல் நடத்தியவன். ஆகவே வரவையும் செலவையும் பார்க்கும் பழக்கம் விடுவதில்லை. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்டது நாட்டு நலப்பணித் திட்டம். அதில் சேரும் ஒவ்வொருவரும் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றும் உண்டு. ஓர் அலகில் நூறு மாணவர் என்றால், ஒரே கல்லூரியிலிருந்து இரண்டு ஆண்டுகளில் 24,000 மணி நேர உழைப்பு கிடைக்கிறது. கல்லூரிகள் இத்தனை நிறைந்த ஊரில் அந்த உழைப்பின் மொத்தத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆகவே மணி நேரத்துக்குப் பஞ்சமில்லை. அது செலவாகும் இடமும் காலமும் சரிதானா என்பதே இன்று நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

முதலில் இடத்தைப் பார்ப்போம். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் சிற்றாறுகள் சேர்ந்து நொய்யலாகி, பேரூர், கோவை, திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. கோவைச் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது ஆற்றில் சில நாள் வெள்ளம் வரும், பிறகு வற்றிவிடும். அந்தச் சில நாள் வெள்ளத்தைப் பிடித்துவைக்கத்தான் நம் முன்னோர் ஆற்றின் குறுக்கே அணைக்கட்டுகளைக் கட்டி, அவற்றிலிருந்து ராஜவாய்க்கால்களை வெட்டி, குளங்களை ஒன்றோடொன்று இணைத்தார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டில் திரும்பும் நீர் கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி என்று ஒவ்வொரு குளமாக நிறைத்துக்கொண்டு நகருக்குள் வருகிறது. இந்த அமைப்பில் குளம் என்பது கடைசிக் கண்ணி. குளத்தின் நோயைக் குளக்கரையில் மட்டும் நின்றுகொண்டு அறிய முடியாது.

ஆனால் மாணவர் பணி பெரும்பாலும் குளக்கரையிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆகாயத்தாமரையை அகற்றும் காட்சியை நினைத்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்குப் பேருந்தில் வந்திறங்கும் நூறு பேர், கையுறை மாட்டிக்கொண்டு, கரையோரத்தில் படர்ந்திருப்பதை இழுத்துக் குவிக்கிறார்கள்; பத்து மணிக்குச் சிற்றுண்டி, பதாகையின் முன் ஒரு புகைப்படம், அத்துடன் பேருந்து திரும்பிவிடுகிறது. அவர்கள் இழுத்துப் போட்டது உண்மையான உழைப்புதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஏற்ற சூழல் அமைந்தால் இந்தச் செடி ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இருமடங்காகப் பெருகக்கூடியது. அதன் விதையோ சேற்றுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். நூறு பேர் சேர்ந்து கால் பங்கை அகற்றினால், சில வாரங்களுக்குள் அது பழைய அளவுக்கு வந்துவிடும். மறு மாதம் வேறொரு கல்லூரி வந்து அதே கால் பங்கை மறுபடியும் அகற்றுகிறது.

இந்தச் செடி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று அங்கேயே ஒரு மாணவி கேட்டால், சேவை கல்வியாக மாறத் தொடங்குகிறது. நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்த நீரில்தான் ஆகாயத்தாமரை இப்படிக் கொழிக்கும். நைட்ரஜன் வீட்டுக் கழிவுநீரிலிருந்தும், பாஸ்பரசின் ஒரு பகுதி சலவைத் தூளிலிருந்தும் வருகின்றன. அப்படியானால் கழிவுநீர் எங்கே குளத்துக்குள் நுழைகிறது? அதைக் காண, அவள் குளத்தை விட்டுவிட்டு வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடக்க வேண்டும். சிங்காநல்லூர் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் கோவை மாநகராட்சி அதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. பறவை பார்ப்பவர்கள் இன்றும் அங்கே செல்கிறார்கள். அந்தக் குளத்துக்கு நீர் கொண்டுவரும் சங்கனூர்ப் பள்ளம் நகரின் வட பகுதியை ஊடறுத்து வருகிறது. அதன் கரையோடு ஒரு நாள் நடந்து, எந்தத் தெருவின் சாக்கடை எந்த இடத்தில் இறங்குகிறது, எங்கே கட்டட இடிபாடு கொட்டப்பட்டிருக்கிறது, எங்கே பள்ளத்தின் அகலம் பாதியாகச் சுருங்கியிருக்கிறது என்று ஒரு வரைபடத்தில் குறித்துக் கொடுக்கும் பத்து மாணவர்கள், குளத்தில் இறங்கிய நூறு பேரைவிடப் பெரிய உதவியைச் செய்தவர்கள் ஆவார்கள். அந்த வரைபடத்தை மாநகராட்சிப் பொறியாளரின் மேசைமீது வைக்கலாம்; அகற்றிய செடியின் புகைப்படத்தைக் காட்டி அவரிடம் எதைக் கேட்பது?

கண்ணுக்குத் தெரியாத அழுக்கும் இருக்கிறது. இதற்குக் கீழ்நொய்யலைவிடக் கசப்பான பாடம் தமிழ்நாட்டில் வேறில்லை. திருப்பூரின் சாய ஆலைகளில் துணியில் சாயம் ஏறுவதற்காக உப்பைப் பெருமளவில் பயன்படுத்துகிறார்கள். சாதாரணச் சுத்திகரிப்பு நிறத்தை நீக்கிவிடும், ஆனால் கரைந்த உப்பு அப்படியே நீரோடு போய்விடும். அதை எதிர்ச் சவ்வூடு பரவல் போன்ற முறைகளால்தான் பிரிக்க முடியும். 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை இந்த உப்பு நீரைத் தேக்கும் தொட்டியாகிப்போனதும், சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டதும், உழவர்கள் நீதிமன்றம் சென்றதும் உங்களில் பலருக்குத் தெரிந்த வரலாறு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் சிறிதும் வெளியேறாத முறைக்கு மாறாத சாய ஆலைகளை மூடும்படி உத்தரவிட்டது. அந்த நெடிய வழக்கில் பேசப்பட்ட மொழி பெரும்பாலும் எண்களின் மொழி. உப்பு போன்ற கரைந்த திடப்பொருள் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம், வெளியேற்ற அனுமதிக்கப்பட்ட 2,100 எங்கே, கிணற்றில் இருப்பது எங்கே என்ற கேள்விகளே அடிப்படையாக இருந்தன. தெளிந்த நீர் நல்ல நீர் என்று நம்பும் கண்ணுக்கு இது புலப்படாது. கரைந்த உப்பின் அளவைக் காட்டும், சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு அளவியை நீரில் நனைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

குளம் காக்கும் அமைப்புகளுக்கு மாணவர்களிடமிருந்து முதன்மையாகத் தேவைப்படுவது இதுதான்: தொடர்ந்து அளந்து, தொடர்ந்து எழுதிவைப்பது. மண் அள்ளப் பொக்லைன் இருக்கிறது, ஒரு நாள் வாடகைக்குப் புரவலர்கள் கிடைப்பார்கள். ஆண்டு முழுவதும் ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுத யாரும் கிடைப்பதில்லை. வானிலைத் துறை அந்த நேரத்தில்தான் நாடெங்கும் மழையைக் கணக்கெடுக்கிறது. நாமும் அதே நேரத்தைப் பின்பற்றினால்தான் நம் எண்ணை அதன் எண்ணோடு ஒப்பிட முடியும். மதகின் அருகே சுவரில் அளவுகோல் வரைந்து நீர்மட்டத்தைக் குறிப்பதும், குளத்தைச் சுற்றியுள்ள சில கிணறுகளில் கயிறு விட்டு நீரின் ஆழத்தை அளப்பதும் பெரிய அறிவியல் அல்ல. இரண்டு பருவமழைக் காலத்துக்கு இந்த மூன்று எண்களும் விடுபடாமல் கிடைத்தால், எவ்வளவு மழைக்குக் குளம் எவ்வளவு ஏறியது, ஏற வேண்டிய அளவு ஏறாவிட்டால் வாய்க்காலில் எங்கே நீர் தடைப்படுகிறது, கிணறு எத்தனை நாள் கழித்து ஊறத் தொடங்கியது என்பதையெல்லாம் சொல்லிவிடலாம்.

கணக்குப் பாடமும் இதில் தானாக வந்துவிடும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் அது பத்து லட்சம் லிட்டர். 20 ஏக்கர் உள்ள ஒரு கல்லூரி வளாகத்தில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 40 லட்சம் லிட்டர் நீர் விழுந்திருக்கிறது. அதில் எவ்வளவு நம் வளாகத்து மண்ணில் இறங்கியது, எவ்வளவு வாசலைத் தாண்டிச் சாலையில் ஓடியது என்று மாணவர் முதலில் தம் கல்லூரியையே கேட்க வேண்டியிருக்கும். முதல்வர்களுக்கு அது சற்றுச் சங்கடமான கேள்வியாக இருக்கலாம்.

இனிக் காலத்துக்கு வருகிறேன், ஏனெனில் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. சமவெளியில் நமக்கு நல்ல மழை தருவது அக்டோபர், நவம்பர் மாதங்களின் வடகிழக்குப் பருவமழை. நம் கல்லூரிகளில் பருவத் தேர்வு நடப்பதும் அதே நவம்பரில். தூர்வாரவும் வாய்க்காலைச் சீர்செய்யவும் ஏற்ற காலம் ஏப்ரல், மே. அப்போதும் தேர்வு, பிறகு விடுமுறை. சிறப்பு முகாமோ பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில், குளம் கீழிறங்கிக்கொண்டிருக்கும் வேளையில் நடக்கிறது. பருவமழைக்குப் பாடத்திட்டம் தெரியாது. நம் பல்கலைக்கழகங்களுக்குப் பருவமழை தெரியாமல் இருப்பதை மாற்றலாம். முகாமின் ஏழு நாளில் இரண்டையாவது அக்டோபருக்கு நகர்த்தினால், நீர் ஓடும் வாய்க்காலை மாணவர்கள் ஒரு முறையாவது காண்பார்கள். வறண்ட வாய்க்காலை மட்டும் பார்த்தவருக்கு அது குப்பை போடும் பள்ளமாகத்தான் தெரியும்.

மணி நேரத்தைக் கட்டாயமாக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு வெளிநாட்டு அனுபவம் ஒன்றைச் சொல்லலாம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம், உயர்நிலைப் பள்ளியை முடிக்க 75 மணி நேரச் சேவைக் கற்றலை 1990-களிலேயே கட்டாயமாக்கியது. அதே மாநிலத்தை உள்ளடக்கிய செசபீக் விரிகுடா நீர்வடிப்பகுதிக்கான 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை, அங்கே பயிலும் ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளியை முடிப்பதற்குள் விரிகுடாவிலோ ஓடையிலோ பொருளுள்ள ஒரு களக் கல்வி கிடைக்க வேண்டும் என்று தனியே ஓர் இலக்கை வைத்தது. மணி நேரத்தை எண்ணுவது மட்டும் போதும் என்றால் அந்த இரண்டாவது இலக்கு தேவைப்பட்டிருக்காது. நம்மிடமும் 1991-இல், சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின்னர் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயப் பாடமாக வந்தது. அந்தப் பாடம் ஓர் அறையிலும், நலப்பணித் திட்டம் ஒரு மைதானத்திலும், ஒன்றையொன்று அறியாமல் நடக்கின்றன.

அமைப்புகளை நடத்தும் நண்பர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஐந்நூறு பேர் வந்தார்கள் என்று செய்தித்தாளில் வருவது உங்களுக்கும் இனிக்கிறது. பனைவிதை நடும் நிகழ்ச்சிகளில் விதைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. முந்தைய ஆண்டு நட்டவற்றில் எத்தனை முளைத்தன என்று கரையில் நடந்து எண்ணுவதற்கு ஒரு நிகழ்ச்சி வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கழிவுநீர் கலந்த குளத்தில் வெறுங்காலுடன் மாணவரை இறக்குவதும் தவறு. எலிக்காய்ச்சல் அத்தகைய நீரில் சிறு காயத்தின் வழியே தொற்றக்கூடியது. தூர்வாரிய குளத்தில் எங்கே திடீர் ஆழம் இருக்கிறது என்பது வெளியூர் மாணவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். முழங்கால் மூடும் காலணியும், கரையில் ஒரு கயிறும், நீச்சல் தெரிந்த ஒருவரும் இல்லாமல் யாரையும் நீரில் இறங்க விடாதீர்கள்.

நீருக்குள் இறங்காமலே கற்க வேண்டியதும் நிறைய இருக்கிறது. மீன்பிடி உரிமம் பெற்றவருக்குக் குளத்தில் நீர் நிற்க வேண்டும். கீழே நிலம் வைத்திருப்பவருக்கு மதகு திறக்க வேண்டும். கரையை ஒட்டிய தெருக்காரருக்கு நீர் ஏறாமல் இருக்க வேண்டும். மூவரும் நியாயமாகவே பேசுவார்கள். முத்தண்ணன் குளக்கரையிலும் வாலாங்குளக்கரையிலும் நெடுங்காலம் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற தொலைவிடங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. ஆக்கிரமிப்பு என்ற ஒற்றைச் சொல்லோடு குளக்கரைக்கு வரும் மாணவர், அந்தக் குடும்பம் ஒன்றோடு அரை மணி நேரம் பேசிவிட்டு, அதே வாய்க்காலின்மேல் எழுந்திருக்கும் உறுதியான கட்டடங்கள் யாருடையவை என்பதையும் வருவாய்த் துறையின் புல வரைபடத்தை வைத்துப் பார்த்தால், நீர்ப்பிரச்சினையின் இன்னொரு பக்கம் அவருக்குப் புரியும். அதைத் தேர்வுத்தாளில் எழுத முடியாது. ஆனாலும் அது படிப்புதான்.

இறுதியாக, நடைமுறையில் ஒன்றைக் கேட்டு முடிக்கிறேன். மாணவர் இரண்டு ஆண்டுகளில் போய்விடுவார். திட்ட அலுவலரும் மாறுவார். ஆகவே அளவீட்டுப் பதிவேடு கல்லூரி அலமாரியில் இருக்கக் கூடாது, குளத்தின் பெயரில், அதைக் காக்கும் அமைப்பிடம் இருக்க வேண்டும்; கல்லூரி ஒரு படியை வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு ஜூலையிலும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் முதலாண்டு மாணவர்களை மழைமானிக்கும் மதகுக்கும் கிணற்றுக்கும் நேரில் அழைத்துச் சென்று, தம் கையெழுத்தோடு பதிவேட்டை ஒப்படைக்கட்டும். தேர்வு நாட்களிலும் விடுமுறையிலும் அளப்பதற்கு, குளக்கரையிலேயே குடியிருக்கும் பள்ளி மாணவர் இருவரை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மழைமானிக்கு உங்கள் வளாகத்தில் கட்டடமும் மரமும் மறைக்காத திறந்த இடமொன்றை முதல்வர் காட்டிவிட்டால், மற்றதை இந்த நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள். வணக்கம்.