மீன்கொத்தியின் பதினான்கு நாள்கள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஆங்கிலத்தில் 'ஹால்சியன்' என்றொரு பெயரடை உண்டு. பேச்சில் அரிதாகவே வரும். வரும்போதும் பெரும்பாலும் 'நாள்கள்' என்ற சொல்லோடு சேர்ந்து, கழிந்துபோன இனிய காலத்தைக் குறிக்கும். தமிழில் இதைப் 'பொற்காலம்' என்று பெயர்த்துவிடலாம் என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏனெனில் அந்தச் சொல்லுக்குள் ஒரு மீன்கொத்தி அடைகாத்துக்கொண்டிருக்கிறது.

கிரேக்க மொழியில் 'அல்க்கியோன்' என்றால் மீன்கொத்தி. குளிர்காலத்தில் பகல் மிகவும் குறுகிவிடும் நாளுக்கு முன்னே 7, பின்னே 7 என 14 நாள்கள் கடல் அலையடங்கிக் கிடக்கும் என்றும், அந்த இடைவெளியில்தான் இப்பறவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் என்றும் கிரேக்கர்கள் நம்பினார்கள். அரிஸ்டாட்டிலே இதை எழுதி வைத்திருக்கிறார். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையோ நெஞ்சை உருக்குவது: காற்றுகளின் காவலனான ஈயோலசின் மகள் அல்சியோனி, கப்பல் கவிழ்ந்து இறந்த கணவன் சீக்ஸின் உடல் அலையில் மிதந்து வருவதைக் கண்டு கரையிலிருந்து பாய்கிறாள், பாயும்போதே பறவையாகிறாள். கணவனும் பறவையாகிறான். அவள் கடல்மேல் மிதக்கும் கூட்டில் அடைகாக்கும் 7 நாள்களும் தந்தை காற்றைக் கட்டி வைக்கிறான்.

சொல்லின் முதலில் வரும் 'ஹ' ஒலி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கிரேக்கத்தில் 'ஹல்ஸ்' என்றால் கடல்; 'கியோன்' என்றால் கருக்கொள்பவள். கடலில் கருக்கொள்பவள் என்று மக்கள் அந்தப் பெயருக்குப் பொருள் கண்டு, அதற்கேற்ப ஒலியையும் திருத்திக்கொண்டார்கள். உண்மையில் மீன்கொத்தி கடல்மேல் கூடு கட்டுவதே இல்லை. மண்கரையில் அலகால் குடைந்த வளையின் கோடியில், வெளிச்சம் எட்டாத சிறு அறையில், வெள்ளை வெளேரென்று உருண்டையாகக் கிடக்கும் அதன் முட்டைகள்.

நம் வயல்வெளிகளில் மின்கம்பியில் அமர்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தியின் அறிவியல் பெயரும் 'ஹால்சியன் ஸ்மிர்னென்சிஸ்' என்பதுதான். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் குட்டி மீன்கொத்தி ஒன்றின் பேரினத்துக்கோ, அந்தக் கணவனின் பெயரான 'சீக்ஸ்' வாய்த்திருக்கிறது.

பொற்காலம் என்றால் நீண்ட, குறையற்ற காலம் என்று மனத்தில் படுகிறது. ஹால்சியன் நாள்களுக்கு முன்னும் புயல், பின்னும் புயல். ஆகவே மொழிபெயர்க்கும் அன்பர்கள் 'அலையடங்கிய நாள்கள்' என்று எழுதிப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.