வீட்டில் அடித்த பம்ப் ஓடையில் ஏன் திணறுகிறது?

வணக்கம். கந்தப்பளையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் விட 12 வோல்ட் பம்ப் வாங்கினேன். வீட்டில் வாளியில் வைத்துப் பார்த்தபோது நன்றாக அடித்தது. ஓடையில் வைத்தால் நூல் மாதிரித்தான் வருகிறது. பம்ப் பழுதா?"

பம்பைக் கழற்ற வேண்டாம் தம்பி. பெட்டரி வீட்டில், பம்ப் 30 மீட்டர் தள்ளிக் கீழே, நடுவில் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் அந்த வயர்மேல்தான். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே கணக்குக்கு 60 மீட்டர். அதன் தடை 0.7 ஓமுக்குக் கொஞ்சம் மேலே. பம்ப் 5 அம்பியர் இழுத்தால் மூன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். பம்புக்குக் கிடைப்பது 9 வோல்ட் அளவுதான். வீட்டு 230 வோல்ட் லைனில் மூன்றரை வோல்ட் குறைந்தால் ஒன்றும் தெரியாது. 12 வோல்ட்டில் அது கால்வாசிக்கும் மேல்.

சரி, எப்படி உறுதி செய்வது? பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். நிறுத்திவிட்டு அளந்தால் 12.6 என்று அழகாகக் காட்டும், அதை நம்பித்தான் பலர் நல்ல பம்பை மாற்றுகிறார்கள். அப்புறம் ஓடும்போதே பெட்டரியிலும் அளவெடுங்கள். அங்கேயே 11க்குக் கீழே இறங்கினால் பெட்டரிதான் களைத்திருக்கிறது. அங்கே 12 இருந்து பம்பில் 9 என்றால் வயர், இல்லாவிட்டால் இணைப்பு. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு நம் பக்கத்து மூடுபனிக்குச் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். தொட்டுப் பாருங்கள், சுடுகிற இடத்தில் கோளாறு.

6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 1 வோல்ட்டுக்குள் வரும், ஆனால் விலை அதிகம். நானாக இருந்தால் பெட்டரியை ஒரு மூடிய பெட்டியில் வைத்து ஓடைப் பக்கம் கொண்டுபோவேன்.

வோல்ட் சரியாக இருந்தும் தண்ணீர் வரவில்லையா? உயரத்தைப் பாருங்கள். பம்பில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள அதிகபட்ச உயரம் வரை தண்ணீர் ஏறும், அந்த உயரத்தில் வெளியே கொட்டாது. இன்னொன்று, நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பம்ப் உறிஞ்சும் ஆழமும் அதற்கேற்பக் குறையும். கந்தப்பளையிலும் அதே நிலைதான். அதனால் பம்பைத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வடிகட்டியில் இலை அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அந்த இரண்டு அளவுகளையும், பாத்தி ஓடையில் இருந்து எத்தனை மீட்டர் மேலே என்பதையும் கீழே எழுதுங்கள் தம்பி. என்ன வயர் வாங்கலாம் என்று சொல்கிறேன்.