கேரட்டில் இருப்பது மாத்திரைக்குள் போனபோது

நேயர்களுக்கு வணக்கம். மருந்தியல் சொல்லிக்கொடுத்தவன் என்று தெரிந்துவிட்டால் கல்யாணப் பந்தியில்கூட விடமாட்டார்கள். "சார், இந்த வைட்டமின் மாத்திரை சாப்பிடலாமா? எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது" என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சாட்சி எதுவரைக்கும் செல்லும் என்பதுதான் கேள்வி. அதற்குப் பின்லாந்துவரை போய்வர வேண்டும்.

கேரட், கீரை, மஞ்சள் நிறப் பழங்களில் பீட்டா கரோட்டின் என்ற சத்து இருக்கிறது. இவற்றை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று 1980-களுக்குள் பல ஆய்வுகள் காட்டியிருந்தன. அந்தச் சத்தை மட்டும் பிரித்து மாத்திரையாகக் கொடுத்தால் புகைபிடிப்பவர்களைக் காப்பாற்றலாமே என்று பெரிய பெரிய விஞ்ஞானிகளே நம்பினார்கள்.

1985-இல் பின்லாந்தில் சோதனை தொடங்கியது. 50 முதல் 69 வயதுவரை உள்ள, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். யாருக்கு எந்த மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் போயிற்று, மற்றவர்களுக்கு அது இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்பது மாத்திரை கொடுத்தவருக்கும் தெரியாது, விழுங்கியவருக்கும் தெரியாது. குலுக்கல் எதற்கு? விருப்பப்படி விட்டால், உடம்பைப் பேணுகிறவர்களே மாத்திரையை விரும்பி எடுப்பார்கள். நடைப்பயிற்சியின் பலனும் மாத்திரையின் கணக்கில் வரவாகிவிடும்.

1994-இல் முடிவு வெளியானது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களில் 474 பேருக்கு நுரையீரல் புற்றுநோய். சாப்பிடாதவர்களில் 402 பேருக்கு. காப்பாற்றும் என்று கொடுத்த மாத்திரையால் நோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களையும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர்களையும் வைத்து நடந்த இன்னொரு சோதனையிலும் இதே கதைதான். அதில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள். 28 சதவீதம் கூடுதல் என்று தெரிந்ததும், 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பே அதை நிறுத்திவிட்டார்கள்.

பின்லாந்துக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஐந்து முதல் எட்டு ஆண்டுகளில், ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ ஐந்து பேர் கூடுதலாக நோயுற்றார்கள். மீதிப் பேரைக் கேட்டால் "எனக்கு ஒன்றும் செய்யவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். நோய் வந்தவரும் சிகரெட்டைத்தான் நொந்துகொண்டிருப்பார். எத்தனை கைராசிக்கார டாக்டராக இருந்தாலும் தன் கிளினிக்கில் உட்கார்ந்தபடி இந்த ஐந்து பேரைக் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரரால் எப்படி முடியும்?

எனக்கு மிகவும் பிடித்த செய்தி அந்த ஆய்வுக்குள்ளேயே இன்னொன்று இருக்கிறது. எந்தச் சத்தும் இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களை மட்டும் பார்த்தால், தொடக்கத்தில் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் இருந்தவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகவே வந்திருந்தது. ஆக, பழைய ஆய்வுகள் கண்ணால் கண்டது பொய்யில்லை. அந்தச் சத்து, காய்கறி சாப்பிடும் மனிதரின் அடையாளமாக இருந்திருக்கிறது. அடையாளத்தையே காவலாளி என்று எடுத்துக்கொண்டதில்தான் வினை.

இதைக் கேட்டுவிட்டு எல்லா மாத்திரையும் ஏமாற்று என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1991-இல், இதே குலுக்கல் முறையில்தான் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினின் அருமை நிரூபணமானது. முதுகுத்தண்டுக் குறைபாடுள்ள குழந்தையை ஒருமுறை சுமந்த தாய்மாருக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினமும் 4 மில்லிகிராம் கொடுத்தார்கள். குறைபாடு மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற கருவின் நரம்புக்குழல் முதல் நான்கு வாரத்திலேயே மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனது தெரிந்தபிறகு தொடங்கினால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும்.

நம் நாட்டில் இந்தச் சத்து மாத்திரைகளில் பல சட்டப்படி மருந்துகள் அல்ல, உணவு வகை. 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்ற வாசகம் டப்பாவில் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கும். படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். சமையல் மஞ்சளிலிருந்து செய்யும் மாத்திரையையே உதாரணமாகப் பாருங்கள். குழம்பில் போடும் மஞ்சளில் குர்குமின் என்ற பொருள் கொஞ்சம்தான், அதிலும் உடம்பில் ஏறுவது சொற்பம். மாத்திரையிலோ சாற்றை அடர்த்தியாக்கி, நன்றாக ஏறட்டும் என்று மிளகிலுள்ள பைப்பரின் என்ற பொருளையும் சேர்க்கிறார்கள். இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எத்தனை பேர் சாப்பிட்டதில் இத்தனை பேர் என்ற கணக்கு அந்தப் பதிவுகளில் கிடையாது, ஆகவே பீதி வேண்டாம். ஆனால் மஞ்சள் காமாலையோடு வருகிறவர் "சமையல் மஞ்சள்தானே" என்று அந்த மாத்திரையை டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது.

கண்ணுக்கென்று விற்கும் சத்து மாத்திரைகள் சிலவற்றில் பீட்டா கரோட்டின் இன்றைக்கும் இருக்கிறது. விழித்திரைத் தேய்வுக்கு அதற்குப் பதிலாக லூட்டின், ஸீஸாந்தின் என்ற வேறு இரண்டு சத்துகளைச் சேர்க்கலாம் என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது. உங்கள் வீட்டில் புகைபிடிக்கிறவரோ, முன்பு பிடித்தவரோ அப்படியொரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இன்றே டப்பாவைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். பீட்டா கரோட்டின் இருந்தால் கண் மருத்துவரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். வணக்கம்.