190 கோல்களும் கலைந்துபோன கிளப்புகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

நாட்டுக்காக ஆடிய கால்பந்து ஆட்டங்களில் மிக அதிகக் கோல் அடித்தவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் ரொனால்டோ என்று சொல்லிவிடுவோம். ஆண், பெண் இருபாலரையும் சேர்த்து எண்ணினால் அந்த இடம் கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேருக்குத்தான். 331 ஆட்டங்கள், 190 கோல்கள். "சின்னச் சின்ன நாடுகளோடு அடித்ததுதானே" என்று சிலர் இழுப்பார்கள். 2020 ஜனவரியில் உலக சாதனையை முறியடித்த 185-ஆவது கோல், செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ் என்ற குட்டித் தீவு நாட்டுக்கு எதிராக வந்தது உண்மைதான். ஆனால் ஐந்து உலகக் கோப்பைகளில் கோல் போட்டவரும் இதே சின்க்ளேர்தான். அதற்கு என்ன சொல்வார்கள்?

கோல் கணக்கு இத்தோடு போதும். பந்தை வலைக்குள் தள்ளுவது ஸ்ட்ரைக்கரின் வேலை. அதைச் செய்ய ஒரு கிளப் வேண்டும், லீக் வேண்டும், மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும். சின்க்ளேருக்கு இவையெல்லாம் எத்தனை முறை வந்து வந்து போயின என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

வான்கூவருக்குப் பக்கத்தில் உள்ள பர்னபியில் 1983-இல் பிறந்தவர். தாய்மாமன்கள் இருவரும் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர்கள். மாமன்களுக்குத் திறந்திருந்த கதவு மருமகளுக்குத் திறக்கவில்லை. கனடா அணிக்காக ஆடத் தொடங்கியபோது அவருக்கு வயது 16. பிறகு அமெரிக்காவில் போர்ட்லண்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 2005-இல் ஒரே பருவத்தில் 39 கோல் அடித்தார். அவ்வளவு அடித்துவிட்டு வெளியே வந்தால், வட அமெரிக்காவில் சேர ஒரு தொழில்முறை லீக் இல்லை. இருந்த ஒன்றையும் 2003 உலகக் கோப்பை தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது இழுத்து மூடிவிட்டார்கள்.

2009-இல் புது லீக் வந்தது. கலிஃபோர்னியாவின் கோல்ட் பிரைட் கிளப்பில் சேர்ந்தார். பிரேசிலின் மார்த்தாவும் அங்கே வந்துசேர, 2010-இல் சாம்பியன் பட்டம். கோப்பை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கிளப்பே கலைந்துபோனது! அடுத்த வருஷம் வெஸ்டர்ன் நியூயார்க் ஃபிளாஷ் அணிக்குப் போனார். அங்கேயும் பட்டம். 2012-இல் இந்த முறை லீக்கே போய்விட்டது. தோற்றவர்கள் வேலை இழப்பதைப் பார்த்திருக்கிறோம். ஜெயித்த கையோடு இரண்டு வருஷம் தொடர்ந்து வேலை இழந்த ஆட்டக்காரர் இவர். 2013-இல் இன்னொரு லீக் பிறந்தபோது போர்ட்லண்ட் தார்ன்ஸில் சேர்ந்தார். அது நிலைத்தது. அங்கே மூன்று பட்டங்கள் வென்று, 2024 வரை ஆடினார்.

பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவள் நான். அவர்களுக்கு அடிக்கடி போட்டுக் காட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. 2012 ஆகஸ்ட் 6, மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு மைதானம், லண்டன் ஒலிம்பிக்கின் அரையிறுதி. அமெரிக்காவுக்கு எதிராக சின்க்ளேர் மூன்று கோல். பின்னிரண்டும் தலையால் முட்டியவை. ஒவ்வொரு தடவை கனடா முந்தும்போதும் அமெரிக்கா எட்டிப் பிடித்தது. கனடா 3-2 என்று முன்னால் நின்ற நேரத்தில், கனடாவின் கோல்கீப்பர் பந்தை ஆறு விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தார் என்று நடுவர் விசில் ஊதினார். விதிப் புத்தகத்தில் இருந்ததுதான், ஆனால் யாரும் கடைப்பிடிக்காத விதி. அதில் அமெரிக்காவுக்குக் கிடைத்த ஃப்ரீ கிக் கனடா ஆட்டக்காரர் ஒருவர் கையில் பட, பெனால்டி. 3-3. கூடுதல் நேரத்தின் 30 நிமிடமும் முடிந்து, வீணான நேரத்துக்காகச் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் மூன்றாவதில் அமெரிக்காவின் நான்காவது கோல். மூன்று கோல் போட்டும் தோல்வி. ஆட்டத்துக்குப் பின் பேசிய பேச்சுக்காக அவருக்கு நான்கு ஆட்டத் தடை வேறு. (2025-இல் அந்த விதியையே எட்டு விநாடி, மீறினால் கார்னர் என்று மாற்றிவிட்டார்கள். அவருக்கு அதனால் என்ன லாபம்?) மூன்று நாள் கழித்து, டயானா மத்தீசன் கடைசி நேரத்தில் போட்ட கோலால் பிரான்ஸை வென்று வெண்கலம் வாங்கினார்கள். மத்தீசன் பெயரை நினைவில் வையுங்கள்.

ஒன்பது வருஷம் கழித்து ஜப்பானில் ஒலிம்பிக். அரையிறுதியில் மறுபடியும் அமெரிக்கா. கனடாவுக்குப் பெனால்டி கிடைத்தது. 38 வயதுக் கேப்டன் பந்தைக் கையில் எடுத்தார். அதை 23 வயது ஜெஸ்ஸி ஃப்ளெமிங்கிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தார். ஸ்ட்ரைக்கர்களோடு பழகியவர்களுக்குத் தெரியும், பெனால்டியை விட்டுக்கொடுப்பது சாப்பாட்டுத் தட்டை விட்டுக்கொடுப்பதுபோல. அதே ஒலிம்பிக்கில் முன்பு தாமே ஒரு பெனால்டியைத் தவறவிட்டதை அவர் மறைக்கப் பார்க்கவில்லை. ஃப்ளெமிங் அடித்தார், 1-0. இறுதி ஆட்டம் 2021 ஆகஸ்ட் 6. ஆமாம், அதே தேதி! ஸ்வீடனின் பெட்டிக்குள் வீழ்த்தப்பட்டுப் பெனால்டி வாங்கித் தந்தது சின்க்ளேர், அடித்தது மறுபடியும் ஃப்ளெமிங். டைபிரேக்கரில் 20 வயது ஜூலியா குரோசோ தங்கத்தை உறுதிசெய்தபோது, மாற்றப்பட்டு வெளியே வந்திருந்த கேப்டன் கோட்டுக்கு அப்பால் நின்றிருந்தார்.

தங்கம் வந்ததும் நிலைமை மாறியதா என்றால், 2023-இல் கனடா கால்பந்து சங்கம் செலவைக் குறைத்ததை எதிர்த்து அணி ஆட மறுத்தது. வழக்கு வரும் என்று சங்கம் எச்சரித்த பிறகே களமிறங்கினார்கள், ஊதாச் சட்டையில் "போதும்" என்று எழுதிக்கொண்டு. மார்ச்சில் சின்க்ளேர், சக ஆட்டக்காரர்கள் பெக்கி, ஷ்மிட், குவின் ஆகியோரோடு நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து, சங்கத்தோடு பட்ட பாட்டைச் சொன்னார்.

அந்த டிசம்பரில் கனடாவுக்காகக் கடைசி ஆட்டம். வான்கூவரின் பி.சி. பிளேஸ் மைதானத்துக்கு அன்று ஒரு நாள் மட்டும் அவர் பெயரையே வைத்தார்கள். 48,112 பேர் வந்தார்கள். ஒரு நாளைக்குப் பெயர் வைக்க முடிந்த நாட்டில், அதுவரை பெண்களுக்கு ஒரு தொழில்முறை லீக் கிடையாது.

அந்த லீக்கைத் தொடங்கியவர் நான் நினைவில் வைக்கச் சொன்ன மத்தீசன். 2025 ஏப்ரல், அதே மைதானம், முதல் ஆட்டம். சின்க்ளேர் காலணியைக் கழற்றி வைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. லீக்கின் முதல் கோலை அடித்தவர் குவின். அதுவும் பெனால்டிதான்.